கொரோனர் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தால்: இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வாழும் குடும்பங்களுக்கு

வீட்டில் ஒருவர் திடீரென்று சாய்ந்துவிட்டார். அம்புலன்ஸ் வந்தது, நெஞ்சை அழுத்திப் பார்த்தார்கள், முடியவில்லை. அழுகை அடங்கும் முன்பே வாசலில் இரண்டு பொலிஸார். மாத்திரைப் பெட்டிகளை எடுத்துப் பார்க்கிறார்கள், கடைசியாக அவரைப் பார்த்தது யார் என்று கேட்கிறார்கள். "நாங்கள் என்ன குற்றம் செய்தோம்?" என்று குடும்பம் கலங்கிப்போகிறது.

ஒரு குற்றமும் இல்லை. எதிர்பாராத மரணம் வீட்டில் நடந்தால் பொலிஸார் வருவது இங்கே வழக்கம். பெரும்பாலும் அவர்கள், இத்தகைய மரணங்களை விசாரிக்கும் அதிகாரியான கொரோனருக்காகத் தகவல் சேகரிக்கத்தான் வருகிறார்கள். அன்றிலிருந்து விசாரணை முடியும் வரை என்னென்ன நடக்கும், எந்த இடத்தில் நீங்கள் வாய்திறந்து கேட்க வேண்டும் என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். இது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டும். ஸ்கொட்லாந்தில் கொரோனரே கிடையாது, அங்கே புரொக்கியூரேட்டர் பிஸ்கல் என்ற அரச வழக்குத்தொடுநர் பார்ப்பார். வட அயர்லாந்துக்குத் தனிச் சட்டம்.

யார் இந்தக் கொரோனர்?

1194 இலிருந்து இருந்துவரும் பதவி இது. இன்றைய கொரோனர் பொலிஸுக்கோ வைத்தியசாலைக்கோ அரசாங்கத்துக்கோ கட்டுப்பட்டவர் அல்லர். தனித்து இயங்கும் நீதித்துறை அதிகாரி. சம்பளம் உள்ளூராட்சியிலிருந்து வந்தாலும் தீர்மானம் அவருடையது. 2009 இல் இயற்றப்பட்டு 2013 இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி மூன்று வகை மரணங்களை அவர் விசாரித்தே ஆக வேண்டும்: வன்முறையாலோ இயற்கைக்கு மாறாகவோ நடந்தவை, காரணம் தெரியாதவை, சிறை போன்ற அரச காவலில் நடந்தவை. சத்திரசிகிச்சைக்குப் பிறகு நேர்ந்த மரணம், மருந்தால் வந்த மரணம், விழுந்து எலும்பு முறிந்த பின் வந்த மரணம், வேலையால் வந்த நோய், இவற்றை வைத்தியர்கள் கொரோனருக்கு அறிவிக்க வேண்டும். 2024 செப்டெம்பர் 9 முதல், கொரோனரிடம் போகாத எல்லா மரணங்களையும் மெடிக்கல் எக்சாமினர் எனப்படும் மூத்த வைத்தியர் ஒருவர் சரிபார்க்கிறார்; அவருக்குச் சந்தேகம் வந்தாலும் கோப்பு கொரோனரிடம் போகும்.

2023 இல் மட்டும் ஏறக்குறைய 195,000 மரணங்கள் கொரோனர்களுக்கு அறிவிக்கப்பட்டன. அந்த ஆண்டு பதிவான மரணங்களில் இது மூன்றில் ஒரு பங்கு. இன்குவெஸ்ட் எனப்படும் முறையான விசாரணை தொடங்கியது சுமார் 37,000 பேருக்குத்தான். ஆகவே கொரோனரிடம் போய்விட்டது என்றதும் நீதிமன்றம், வழக்கு என்று மனம் ஓட வேண்டியதில்லை. இயற்கை மரணம் என்று தெளிவானால் சில நாட்களிலேயே கோப்பை மூடிவிடுவார்கள்.

முதல் நாள்

உடலைக் குளிப்பாட்டவோ உடை மாற்றவோ வேண்டாம். வைத்தியக் குழு போட்ட குழாய்களைத் தொட வேண்டாம். மனதுக்குக் கஷ்டமான விஷயம்தான், ஆனாலும் அந்த வேலைகளுக்குப் பின்னால் நேரம் கிடைக்கும். தாலி, காப்பு, மோதிரம் உடலில் இருந்தால் நீங்களாகக் கழற்றாமல், கழற்றலாமா என்று பொலிஸாரிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால், உடலோடு என்னென்ன நகைகள் போகின்றன என்று அவர்கள் முன்னிலையிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் வரும் சண்டைகளில் பாதி இந்த ஒரு துண்டுக் காகிதம் இல்லாததால் வருவது.

உடலை எடுத்துப்போக கொரோனர் ஒப்பந்தம் செய்த நிறுவனத்தின் வாகனம் வரும். அதனால் இறுதிச் சடங்கையும் அதே நிறுவனத்திடம் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உங்களுக்குத் தெரிந்த பியூனரல் டைரக்டரைத் தாராளமாகப் பிடிக்கலாம்.

அப்புறம், குடும்பத்தில் யார் பேசுவது என்று அன்றே முடிவு செய்யுங்கள். ஆங்கிலத்தில் தடுமாறாமல் பேசக்கூடிய, நிதானமான ஒருவர். மூத்தவர்தான் பேச வேண்டும் என்பதில்லை. கொரோனர் ஒபிஸர் என்பவர்தான் உங்களுக்கும் கொரோனருக்கும் இடையில் இருப்பவர். கொரோனரோடு நேரடியாகப் பேசும் வாய்ப்பு அநேகமாக வராது. இந்த ஒபிஸருக்கு மகன் ஒருமுறை, மைத்துனர் ஒருமுறை, கனடாவிலிருந்து அண்ணா ஒருமுறை என்று மாறி மாறி அழைத்தால் காரியம் கெடும். ஒரு கொப்பி வாங்கி, யாரோடு எப்போது பேசினோம், என்ன சொன்னார்கள் என்று எழுதி வையுங்கள். தொலைபேசியில் பேசியதை அன்றே இரண்டு வரி மின்னஞ்சலாகவும் அனுப்பிவிடுங்கள்.

பிரேத பரிசோதனை

கொரோனர் உத்தரவிட்டால் குடும்பத்தின் சம்மதம் தேவையில்லை. தடுக்கும் உரிமை உங்களுக்கு இல்லை, ஆனால் உங்கள் கருத்தைச் சொல்லும் உரிமை உண்டு. சமய நம்பிக்கை காரணமாக உடலை வெட்டுவதை விரும்பவில்லை என்றால் அதை முதல் அழைப்பிலேயே சொல்லுங்கள். பரிசோதனை முடிந்த பிறகு சொல்லிப் பயனில்லை. சில இடங்களில் சி.டி. ஸ்கான் மூலமே காரணத்தைக் கண்டுபிடிக்க முயல்வார்கள். சில பகுதிகளில் இது இலவசம், மற்ற இடங்களில் குடும்பம் சில நூறு பவுண்ஸ் கட்ட வேண்டியிருக்கும். ஸ்கானில் காரணம் தெரியாவிட்டால் வழமையான பரிசோதனைக்குத்தான் போவார்கள் என்பதையும் தெரிந்துகொண்டு கேளுங்கள்.

பரிசோதனை எங்கே, எப்போது என்று கேட்டு அறியலாம். உங்கள் சார்பில் ஒரு வைத்தியரை அங்கே இருக்கச் செய்யலாம், செலவு உங்களுடையது.

திசு மாதிரிகள் பற்றிப் பலர் கேட்கத் தவறுகிறார்கள். காரணம் உடனே பிடிபடாவிட்டால் சிறு துண்டுகளையோ, சில வேளை முழு உறுப்பையோ வைத்துக்கொள்வார்கள். இரத்தத்தில் மருந்து, நஞ்சு உண்டா என்று பார்க்கவும் அனுப்புவார்கள். முடிவு வரக் கிழமைகள், மாதங்கள் ஆகலாம். வைத்துக்கொண்டதை உங்களுக்குச் சொல்ல வேண்டும். தேவை முடிந்ததும் அதை என்ன செய்வது என்று அவர்கள் உங்களிடம் கேட்கவும் வேண்டும். திருப்பித் தரவா, முறைப்படி அழித்துவிடவா, ஆராய்ச்சிக்கோ கற்பித்தலுக்கோ வைத்துக்கொள்ளவா? எல்லாம் ஒன்றாகவே தகனமாக வேண்டும் என்று நினைக்கும் குடும்பங்கள் இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், தகனம் முடிந்து சில மாதங்கள் கழித்து ஒரு கடிதம் வந்து மறுபடி வீட்டைக் கலக்கும்.

பரிசோதனை அறிக்கையின் பிரதியைக் கேட்டு வாங்கலாம். ஆனால் அம்மாவின் கையில் நேரே கொடுத்துவிடாதீர்கள். உறுப்புகளின் எடை வரை ஒளிவுமறைவின்றி எழுதப்பட்டிருக்கும். யாராவது ஒருவர் முதலில் வாசித்து, விளங்காததைக் குடும்ப வைத்தியரிடம் கேட்டுத் தெளிந்த பிறகு மற்றவர்களுக்குச் சொல்வது நல்லது.

தகனம் எப்போது?

வீட்டுக்கு வருகிற எல்லோரும் கேட்கும் கேள்வி இது. பதில் தெரியாமல் மண்டபத்தையும் ஐயரையும் பதிவு செய்துவிட்டுத் தவிக்கிற குடும்பங்கள் உண்டு. உடல் விடுவிக்கப்படும் நாள் உறுதியாகும் வரை எதற்கும் முற்பணம் கட்டாதீர்கள், மரண அறிவித்தலில் நாளும் போடாதீர்கள். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்களையும் மாற்றக்கூடிய ரிக்கெட் எடுக்கச் சொல்லுங்கள்.

முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது: இன்குவெஸ்ட் முடியும் வரை தகனத்தைத் தள்ளிவைக்கத் தேவையில்லை. பிரேத பரிசோதனை முடிந்து உடல் இனித் தேவையில்லை என்று ஆனதும், கொரோனர் இன்குவெஸ்டைத் திறந்து ஒத்திவைத்துவிட்டு, தகனத்துக்கோ அடக்கத்துக்கோ உரிய பத்திரத்தைக் கொடுப்பார். தகனத்துக்கான பத்திரம் பெரும்பாலும் பியூனரல் டைரக்டர் வழியாகத் தகனசாலைக்குப் போய்ச் சேரும். குளிப்பாட்டுவது, வேட்டி சேலை அணிவிப்பது எல்லாம் உடல் பியூனரல் டைரக்டரிடம் வந்த பிறகு செய்யலாம். பரிசோதனை நடந்த உடலைக் குளிப்பாட்டும்போது தையல் தெரியும். அதற்கு மனம் தயாராக உள்ளவர்கள் மட்டும் உள்ளே போங்கள்.

விதிகளின்படி உடலைக் கூடிய சீக்கிரம் விடுவிக்க வேண்டும். 28 நாட்களுக்குள் முடியாவிட்டால் ஏன் முடியவில்லை என்று குடும்பத்துக்கு அறிவிக்க வேண்டும். கொலைச் சந்தேகம் உள்ள மரணங்களில் குற்றம் சாட்டப்படுபவரின் தரப்பு இரண்டாவது பரிசோதனை கேட்கலாம் என்பதால் இழுபடும்.

சமயக் காரணத்துக்காக விரைவாகச் செய்யுங்கள் என்று கேட்பது சலுகை கேட்பது போலப் பலருக்குக் கூச்சம். கூச்சப்படாதீர்கள். லண்டனில் ஒரு கொரோனர், எந்த மரணத்துக்கும் சமயத்தைக் காரணம் காட்டி முன்னுரிமை கிடையாது என்று விதி வைத்திருந்தார். 2018 இல் உயர் நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்று சொல்லிவிட்டது. யூத சமூகத்தவர் தொடுத்த வழக்கு, பயன் எல்லோருக்கும். கேட்டால் கிடைத்தே தீரும் என்று பொருள் இல்லை. கேட்டால் பரிசீலிக்க வேண்டும். "எங்கள் வழக்கப்படி கூடிய சீக்கிரம் தகனம் செய்ய வேண்டும், இந்த நாளுக்குள் முடியுமா?" என்று மின்னஞ்சலில் எழுதுங்கள். வார இறுதியில் அழைக்க ஏதும் இலக்கம் உண்டா என்றும் கேளுங்கள், சில பகுதிகளில் உண்டு.

உடலை இலங்கைக்கோ இந்தியாவுக்கோ கொண்டுபோவதானால் அதைக் கொரோனருக்கு அறிவிக்க வேண்டும். முன்கூட்டியே அனுமதி தராவிட்டால், அறிவித்த பின் நான்கு முழு நாட்கள் காத்திருக்க வேண்டும். இதைப் பியூனரல் டைரக்டர் பார்த்துக்கொள்வார், நீங்கள் விமானத்தை அவசரப்பட்டுப் பதிவு செய்யாமல் இருந்தால் போதும். இங்கே தகனம் செய்து அஸ்தியை மட்டும் கொண்டுபோக இந்த அனுமதி தேவையில்லை. தகனச் சான்றிதழைக் கையில் வைத்திருங்கள்.

சான்றிதழ் இல்லாமல் வங்கிக் காரியம்

இன்குவெஸ்ட் நடக்கும் மரணத்தை அது முடிந்த பிறகுதான் பதிவு செய்வார்கள். அதுவரை இடைக்கால மரணச் சான்றிதழ் ஒன்றைக் கொரோனர் தருவார். கேளுங்கள், சில பிரதிகளாகவே கேளுங்கள். வங்கி, ஓய்வூதியம், இறந்தவரின் சொத்தைக் கையாள அனுமதி கேட்கும் புரோபேட் விண்ணப்பம் எல்லாவற்றுக்கும் அது போதும். காப்புறுதி நிறுவனங்கள் சில மட்டும் இறுதி முடிவு வரட்டும் என்று காத்திருக்கும்.

உங்கள் கேள்விகளை எப்போது, எப்படிக் கேட்பது?

இன்குவெஸ்ட் நான்கு கேள்விகளுக்குத்தான் விடை தேடும். இறந்தவர் யார், எப்போது, எங்கே, எப்படி இறந்தார்? யார்மீது பிழை என்று தீர்ப்பளிக்க அதற்கு அதிகாரம் இல்லை. குறிப்பிட்ட ஆள் குற்றவாளி என்றோ நட்டஈடு கொடுக்க வேண்டியவர் என்றோ பொருள்படும்படி முடிவை எழுதவும் முடியாது. இதை முதலிலேயே விளங்கிக்கொள்ளாத குடும்பங்கள், ஒரு வருடம் காத்திருந்து, வந்த அன்று பெரும் ஏமாற்றத்தோடு திரும்புகின்றன. ஆனால் "எப்படி" என்ற அந்த ஒரு சொல்லுக்குள் நிறைய இடம் இருக்கிறது. அந்த இடத்தை நிரப்புவது பெரிதும் நீங்கள் முன்கூட்டியே எழுதிக் கொடுப்பதுதான்.

முதலில், நீங்கள் சட்டப்படி "இன்டரெஸ்டட் பேர்சன்", அதாவது அக்கறையுள்ள தரப்பினர், என்று பதிவாக வேண்டும். கணவன், மனைவி, சேர்ந்து வாழ்ந்த துணை, பெற்றோர், பிள்ளைகள், சகோதரர், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள், சகோதரரின் பிள்ளைகள், மாற்றாந்தாய் தந்தை இவர்கள் பட்டியலில் உண்டு. மாமா, சித்தப்பா, மகளின் கணவரான மருமகன், மைத்துனர் இல்லை. நம் வீடுகளில் ஓடியாடிக் காரியம் பார்ப்பதோ அநேகமாக இவர்கள்தான்! போதிய காரணம் காட்டினால் கொரோனர் வேறு யாரையும் சேர்க்கலாம். அல்லது மகள் பெயரில் பதிந்துவிட்டு அவர் சார்பில் பேச அனுமதி கேளுங்கள்.

பதிவானதும் உங்களுக்கு ஆவணங்களைப் பார்க்கும் உரிமை வரும்: பிரேத பரிசோதனை அறிக்கை, சாட்சிகளின் வாக்குமூலம், வைத்தியசாலையின் அறிக்கைகள். தானாக வரும் என்று காத்திருக்காமல் எழுதிக் கேளுங்கள். இன்குவெஸ்ட் முடியும் வரை இதற்குக் கட்டணம் அறவிடக் கூடாது. வைத்தியசாலை உள்ளுக்குள் ஒரு விசாரணை நடத்தியிருந்தால் அந்த அறிக்கையையும் சேர்த்துக் கேளுங்கள்.

பிறகு, உங்கள் கவலைகளை ஒரு கடிதமாக எழுதுங்கள். இரண்டு பக்கம் போதும். முதலில் நாளும் நேரமுமாக நடந்தது, அதன் கீழ் இலக்கமிட்ட கேள்விகள். "டொக்டர்கள்தான் அப்பாவைக் கொன்றார்கள்" என்று எழுதினால் வாசிப்பவருக்கு உங்கள் வேதனை விளங்கும், செய்வதற்கு ஒன்றும் இராது. "பின்னேரம் 3 மணிக்கு நெஞ்சு நோகிறது என்று தாதியிடம் சொன்னோம். இரவு 9 மணி வரை அவரை யார் பார்த்தார்கள்? ஈ.சி.ஜி. எடுத்தார்களா?" என்று எழுதினால், கொரோனர் அந்தத் தாதியிடம் வாக்குமூலம் கேட்க ஒரு வழி பிறக்கிறது. எந்தச் சாட்சி நேரில் வர வேண்டும் என்றும் சொல்லுங்கள். தகராறு இல்லாத சாட்சியத்தை எழுத்தில் வாசித்துவிட்டுப் போக விதி இடம் தருகிறது. ஆட்சேபம் இருந்தால் நீங்கள் முன்பே சொல்ல வேண்டும். 2022 இலிருந்து, யாருக்கும் ஆட்சேபம் இல்லாத மரணங்களில் விசாரணை அமர்வே இல்லாமல் காகிதத்திலேயே முடிக்கவும் முடியும். அது வேண்டுமா வேண்டாமா என்று உங்களிடம் கேட்டால், நன்றாக யோசித்துப் பதில் சொல்லுங்கள்.

கைத்தொலைபேசியில் உள்ள குறுஞ்செய்திகள், அழைப்புப் பதிவுகள், அப்போயின்ட்மென்ட் கடிதங்கள், மருந்துப் பெட்டிகள் எதையும் அழிக்காதீர்கள், எறியாதீர்கள்.

ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது விதியின் நோக்கம். ஒரு வருடத்தைத் தாண்டினால் கொரோனர் அதைத் தலைமைக் கொரோனருக்கு அறிவிக்க வேண்டும். சிக்கலான மரணங்களில் இரண்டு வருடங்கள் போவதும் உண்டு. யார்மீதாவது கொலை வழக்குத் தொடுக்கப்பட்டால் இன்குவெஸ்ட் நிறுத்திவைக்கப்படும்; வழக்கு முடிந்த பின் திரும்பத் தொடங்காமலும் விடலாம்.

நீதிமன்ற நாள்

தமிழ் உரைபெயர்ப்பாளர் வேண்டுமானால் கிழமைகளுக்கு முன்பே கேட்டுவிடுங்கள். சாட்சி சொல்லும் மனைவிக்குப் பிள்ளையே மொழிபெயர்ப்பது யாருக்கும் நல்லதல்ல. உறுதிமொழி பகவத் கீதையிலோ பைபிளிலோ குர்ஆனிலோ எடுக்கலாம், சமயம் சாராமலும் எடுக்கலாம். கொரோனரை "சேர்" அல்லது "மேம்" என்று அழைத்தால் போதும்.

அமர்வு பகிரங்கமானது. பத்திரிகையாளர் இருக்கலாம், தற்கொலையோ விபத்தோ என்ற மரணங்களில் இதற்கு மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். உள்ளே தொலைபேசியில் பதிவு செய்யக் கூடாது. நீதிமன்றத்தின் ஒலிப்பதிவைப் பின்னால் கேட்டு விண்ணப்பிக்கலாம். பெரும்பாலான இன்குவெஸ்டில் ஜூரி இல்லை. காவலில் நடந்த இயற்கையல்லாத மரணம், அறிவிக்க வேண்டிய வேலைத்தள விபத்து போன்றவற்றில் 7 முதல் 11 பேர் வரை ஜூரி இருப்பார்கள்.

ஒவ்வொரு சாட்சியையும் முதலில் கொரோனர் கேட்பார், அதன் பின் உங்கள் முறை. கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். கொரோனர் ஏற்கெனவே கேட்டதை வெட்டிவிடுங்கள். உங்கள் முறை கேள்விக்கு மட்டும்தான். நடந்தவை பற்றி முடிவில் எழுந்து உரையாற்ற யாருக்கும் அனுமதி இல்லை, வைத்தியசாலையின் சட்டத்தரணிக்கும் இல்லை. சொல்ல வேண்டியது இருந்தால் உங்கள் வாக்குமூலத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். அவர் எப்படிப்பட்ட மனிதர் என்று ஒரு பந்தி எழுதிக் கொடுக்கலாம், படத்தையும் கொண்டுபோகலாம் என்று பல கொரோனர்கள் அனுமதிக்கிறார்கள்.

துணைக்கு யாரும் இல்லையே என்று தயங்க வேண்டாம். கொரோனர்ஸ் கோர்ட்ஸ் சப்போர்ட் சேர்விஸ் என்ற தொண்டு அமைப்பின் தன்னார்வலர்கள் பல நீதிமன்றங்களில் குடும்பத்தின் பக்கத்தில் உட்காருவார்கள், தேநீர் வாங்கித் தருவார்கள், அடுத்து என்ன நடக்கும் என்று சொல்வார்கள். சட்ட ஆலோசனை மட்டும் தர மாட்டார்கள்.

முடிவு என்ன சொல்லும்?

இயற்கை மரணம், விபத்து, வீதி விபத்து, தற்கொலை, தொழில்சார் நோய், சட்டவிரோதக் கொலை என்று ஒரு சொல்லிலோ, நடந்ததை விவரிக்கும் சில பந்திகளிலோ முடிவு வரும். போதிய ஆதாரம் இல்லையென்றால் திறந்த முடிவு. தற்கொலை என்று சொல்ல முன்பு சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியிருந்தது. இப்போது அது தேவையில்லை என்று 2020 இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது; தற்கொலையாக இல்லாதிருப்பதை விட இருப்பதற்கே சாத்தியம் அதிகம் என்ற அளவு போதும்.

இன்னொருவருக்கும் இப்படி நேரலாம் என்று கொரோனருக்குத் தோன்றினால், சம்பந்தப்பட்ட அமைப்புக்கு எதிர்கால மரணங்களைத் தடுக்கும் அறிக்கை ஒன்றை அனுப்ப வேண்டும். அவர்கள் 56 நாட்களுக்குள் பதில் எழுத வேண்டும். இந்த அறிக்கைகள் பகிரங்கமாக வெளியிடப்படுகின்றன. பிழை யாருடையது என்று கேட்க வந்த பல குடும்பங்கள் கடைசியில் பெறக்கூடிய உருப்படியான பதில் இதுதான் என்பது என் எண்ணம். "இதை மாற்றாவிட்டால் வேறொரு குடும்பத்துக்கும் நடக்கும்" என்று நீங்கள் நினைக்கும் ஒன்றை, மேலே சொன்ன உங்கள் கவலைகளின் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.

முடிவில் திருப்தி இல்லையென்றால் சாதாரண மேன்முறையீடு கிடையாது. முடிவு சட்டப்படி எடுக்கப்பட்டதா என்று பார்க்கும் ஜுடிஷியல் ரிவியூவை உயர் நீதிமன்றத்தில் கேட்கலாம், அதற்கு அதிகபட்சம் மூன்று மாதம்தான், அதுவும் தாமதியாமல்.

சட்டத்தரணியும் காலக்கெடுவும்

எளிய இன்குவெஸ்டுக்குச் சட்டத்தரணி தேவையில்லை. வைத்தியசாலையோ சிறையோ வேலைத்தளமோ சட்டத்தரணியோடு வருகிறது என்று தெரிந்தால் நீங்களும் ஆலோசனை பெறுங்கள். அரச சட்ட உதவி பொதுவாகக் கிடையாது, காவல் மரணம் போன்ற விதிவிலக்கான நிலைமைகளில் கிடைக்கும். அரச காவலில் நடந்த மரணங்களுக்கு இன்குவெஸ்ட் என்ற பெயரிலேயே இயங்கும் தொண்டு நிறுவனம் குடும்பங்களுக்கு வழிகாட்டுகிறது.

நட்டஈட்டு வழக்குப் போடும் எண்ணம் இருந்தால் இன்குவெஸ்ட் முடியட்டும் என்று சும்மா இருக்காதீர்கள். கவனயீனத்துக்கான வழக்குக்குப் பொதுவாக மூன்று வருடம், மனித உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு வருடம். இன்குவெஸ்ட் தாமதமானாலும் இந்தக் கடிகாரம் நிற்காது.

எல்லாம் முடிந்ததும் கொரோனரே பதிவாளருக்கு விவரத்தை அனுப்புவார், நீங்கள் போய்ப் பதிய வேண்டியதில்லை. பிரதிகளுக்கு மட்டும் விண்ணப்பியுங்கள். அமர்வின் கடைசியில் அந்த விவரங்களைக் கொரோனர் உரக்க வாசிப்பார்: முழுப் பெயர், பிறந்த நாள், பிறந்த ஊர், தொழில். நம் பெயர்கள் கடவுச்சீட்டில் ஒரு விதமாகவும் வங்கியில் ஒரு விதமாகவும் இருக்கும்; அப்பாவின் பெயர் முன்னே வரும், முதலெழுத்து பின்னே போகும். கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகக் கேளுங்கள். பிழை இருந்தால் அங்கேயே கையை உயர்த்துங்கள். பதிவான பிறகு திருத்துவது தனி அலைச்சல்.